சோர்ன்ஹாவ்: வாள் வாளில் மோதுது, ஆனா அடி என் கையில விழுது

பழகுகளம்:
ஜெர்மன் லாங்சோர்டு (ரெண்டு கையால பிடிக்கிற நீள வாள்), லீக்டெனாவர்ங்கிற பழைய ஆசானோட மரபு. எதிராளி தன் வலது தோள்லேர்ந்து மேல்வெட்டு போடுறார். நானும் வோம் டாக் நிலையில (இடது கால் முன்னால, வாள் வலது தோள்ல) நின்னு சோர்ன்ஹாவ், அதாவது தோள்லேர்ந்து குறுக்கா இறங்குற வெட்டு, போடுறேன். ரெண்டு வாளும் நல்லா மோதுது. அதுக்கப்புறம் என் முனை இடப்பக்கமா விலகிடுது. குத்த முடியல. அவர் வாள் அப்படியே வழுக்கி வந்து கட்டைவிரல்ல விழுது. ஃபெடர் (மழுங்கின பயிற்சி வாள்) 1.45 கிலோ, மொத்த நீளம் 132 செ.மீ. மெதுவா பண்ணினா சரியா வருது, வேகம் ஏத்தினா கெடுது. எங்க தப்பு?

நேர்முனை:
முனை இடப்பக்கம் விலகுகிறது என்றால் நீங்கள் ஆளை வெட்டவில்லை, அவர் வாளை வெட்டுகிறீர்கள். வேகம் ஏறும்போது பயத்தில் எல்லோருடைய கையும் இதைத்தான் செய்யும். நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் 3227a என்ற எண்ணில் உள்ள கையெழுத்துப் பிரதி இதற்கு நல்ல உவமை ஒன்று தருகிறது: வாள்முனையில் நூல் கட்டி, எதிராளியிடம் திறந்து கிடக்கும் இடத்துக்கு அதை இழுப்பதுபோல வெட்டு நேராகப் போக வேண்டும். அவர் தலையோ மார்போதான் உங்கள் குறி. வழியில் அவர் வாள் வந்தால் மோதட்டும்.

மோதும் கணத்தில் உடம்பை நிறுத்திப் பாருங்கள். கைகள் மார்பு உயரத்தில், முன்னால் நீண்டு, முழங்கை பூட்டாமல் இருக்க வேண்டும். முனை அவர் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். அவர் வாளை உங்கள் ஸ்டார்க்கில், அதாவது கைப்பிடிப் பக்கப் பாதியில், கிராஸ்கார்டிலிருந்து (கைக்கு மேலே குறுக்கே நிற்கும் தண்டு) ஒன்றரைச் சாணுக்குள் பிடித்திருக்க வேண்டும். ஷ்வாக்கில், அதாவது முனைப்பக்கப் பாதியில் மோதினால் அவர் வாளைத் தாங்கும் நெம்பு உங்களிடம் இருக்காது. அது வழுக்கி இறங்கும். இறங்கும் வழியில் முதலில் கிடைப்பது உங்கள் கட்டைவிரல்.

அடுத்தது கால். வலப்பக்கத்திலிருந்து வெட்டி வலது காலைப் பின்தொடர விடாவிட்டால் அந்த வெட்டு பொய், உடம்பின் வலப்பாதி பின்னால் தங்கி வெட்டு குட்டையாகும் என்கிறது லீக்டெனாவர் பாடங்களுக்கு ரிங்கெக் எழுதிய உரை. ‘பின்தொடர’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கால் முதலில் போனால், வாள் இன்னும் தோளில் இருக்கும்போதே நீங்கள் அவர் எட்டும் தூரத்துக்குள் போய்விடுகிறீர்கள். கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். வலது பாதம் தரையில் படும்போது வாள்கள் மோதியிருக்க வேண்டும், அல்லது மோதிக்கொண்டிருக்க வேண்டும். பாதம் முதலில் பட்டால் கை அடி வாங்குவதன் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். காலை நேரே முன்னால் வைக்காமல் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.

உணர்வு_இன்டெஸ்:
மேலே சொன்னது சரிதான், ஆனா உங்க ஜோடியையும் சோதிக்கணும். பயிற்சியில எதிராளிக்கு என்ன வரப்போகுதுன்னு தெரியும். அதனால அவர் தலையைக் குறி வைக்காம, உங்க வாள் வரப்போற இடத்துல காத்துல வெட்டுவார். அந்த வெட்டுக்கு சரியான சோர்ன்ஹாவ் கிடையவே கிடையாது. சோதனை சுலபம்: பத்துல ரெண்டு தடவை, சொல்லாம, எதுவும் செய்யாம நில்லுங்க. முகமூடி போட்டுக்கிட்டுத்தான், பாதி வேகத்துல. அவர் வாள் முகமூடியைத் தொடலைன்னா, தூரத்தையும் குறியையும் முதல்ல சரி பண்ணுங்க.

அது சரியானா இந்த வரிசை. முதல் பத்து: மோதி நிறுத்தி, முனை எங்க இருக்குன்னு மட்டும் பாக்கறது. அடுத்த பத்து: மோதினதும் அவர் கை தளர்வா இருப்பார், நீங்க வாளைத் தூக்காம, பின்னால இழுக்காம, முனையை நேரா முகத்துக்கோ மார்புக்கோ நீட்டுங்க. அடுத்தது: அவர் உங்க முனையைப் பக்கவாட்டுல பலமா தள்ளுவார், நீங்க அவர் வாள் மேலயே உரசி உயர்த்தி, அப்னேமன் (அவர் வாளை விட்டு விலகறது), மறுபக்கம் தலைக்கு வெட்டு. கடைசியா: அவர் தள்ளாம, ஆனா விறைப்பா உங்க நேர்கோட்டைப் பிடிச்சு நிப்பார். அப்ப ஒட்டிக்கிட்டே கைப்பிடியை இடது காது உயரத்துக்கு ஏத்தி முனையை மேல்திறப்புக்குத் திருப்புங்க, இடது ஓக்ஸ் (கைப்பிடி தலைக்குப் பக்கத்துல, முனை எதிராளி முகத்துக்கு நேரா இருக்கற நிலை) மாதிரி. இதெல்லாம் தனித்தனியா வந்ததும், எதைத் தரப்போறார்னு சொல்லாம மாத்தி மாத்தி தரச் சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. அவர் தளர்வா இருக்கும்போது அப்னேமன் பண்ணினா ரெண்டு பேருக்கும் அடி விழும். உங்க வாள் விலகின நொடி அவர் முனை விடுதலை ஆகும், அவரும் நேரா நீட்டிடுவார். அவர் வாள் வெளிப்பக்கமா போய்க்கிட்டு இருக்கும்போது மட்டும்தான் விலகலாம்.

பழகுகளம்:
வீடியோ எடுத்துப் பாத்துட்டேன், கால்தான் முதல்ல படுது. நன்றி. ஆனா தளர்வா, விறைப்பான்னு முழு வேகத்துல எப்படித் தெரியும்? முடிவெடுக்கவே நேரம் இல்ல.

உணர்வு_இன்டெஸ்:
யோசிச்சு முடிவெடுத்தா நேரம் இல்லதான். முதல்ல குத்தைத் தொடங்கிடுங்க, அதுதான் எப்பவும் முதல் பதில். முனை முன்னேறுதா, தடுக்கப்படுதான்னு வாளே சொல்லிடும். தடுத்தா மாத்துங்க. இதை உணர விடாம பண்றது உங்க பிடியாத்தான் இருக்கும். பத்து விரலும் இறுக்கிப் பிடிச்சா முன்கை மரத்துப்போய் அழுத்தம் எதுவும் வந்து சேராது. வலது கையில ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தளர்வா, சுண்டுவிரல் பக்கம் பிடிமானமா இருக்கட்டும். இடது கை குமிழ் பக்கத்துல வாளைத் திருப்புற கை. கண்ணை மூடிக்கிட்டு வாள் ஒட்டின நிலையிலேர்ந்து ஆரம்பிக்கற பயிற்சி, தினம் அஞ்சு நிமிஷம் போதும். மெதுவாத்தான், முகமூடியோட.

துருப்பிடி:
நுட்பம் சொல்லியாச்சு, நான் பொருள் பத்தி மட்டும். கட்டைவிரலில் ஏற்கெனவே அடி வாங்குகிறீர்கள் என்றால் லக்ராஸ் விளையாட்டுக்கான கையுறையோடு இரும்பு ஃபெடரில் வேகம் ஏற்றாதீர்கள். விரல்நுனி வரை கடினத் தகடு வரும் கனமான கையுறை வேண்டும். ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் 350, 800 நியூட்டன் என்பது துணியைத் துளைக்கத் தேவைப்படும் விசை. மொட்டை அடியின் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முழங்கை, முன்கைக்குத் தனிக் கவசம், கழுத்துக்கு கார்ஜெட், முகமூடிக்குப் பின்தலை மூடி எல்லாம் தனியாக வாங்க வேண்டியவை. குத்துப் பயிற்சி என்பதால் ஃபெடரின் முனை மடித்ததா, தட்டையாக விரிந்ததா, குத்தும்போது அலகு வளைகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வளையாத அலகால் சோர்ன்ஹாவ் குத்தைப் பழகுவது ஜோடிக்குச் செய்யும் துரோகம்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் பருத்தித் துணியை விளிம்பில் ஓட்டுங்கள். நூல் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. நைஸ் அரத்தால் அதை மட்டும் தேய்த்து, 240 உப்புத்தாள் போட்டு, எண்ணெய் துடையுங்கள். ஷில்டுக்கு (கிராஸ்கார்டை ஒட்டி அலகு அகலமாக இருக்கும் பகுதி) மேலே அலகு குறுகும் இடத்தில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் அந்த வாளை அன்றே ஓரம் கட்டுங்கள்.