தோட்டக் குழு: சாத்துக்குடியில் ஊசித் துளை

சங்கரன்: அத்தை, புளியங்குடித் தோட்டத்தில் எலுமிச்சை வரிசைக்கு ஓரமாக நிற்கும் சாத்துக்குடி மரங்களில், பழுக்கத் தொடங்கிய பழங்கள் உதிர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊசித் துளையும் அதைச் சுற்றி அழுகிய வட்டமும் இருக்கின்றன. பிளந்தால் உள்ளே புழு இல்லை. மருந்து அடிக்கலாமா?

பார்வதி அத்தை: பழ ஈயாக இருந்தால் உள்ளே புழு நெளியும். இது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலை. மற்ற அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் பெரும்பாலும் பூந்தேனுக்கே ஆகும்; இதன் குழலோ நுனி கடினமாகி, முட்களும் கொண்டிருப்பதால், சாத்துக்குடித் தோலையே துளைத்துவிடும். அது குடிக்கும் சாற்றைவிட, அந்தத் துளை வழியே நுழையும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் பழத்தை அழுகச் செய்து உதிர்க்கின்றன.

சங்கரன்: நேற்று இரவு டார்ச் அடித்தபோது கனல் போல மின்னும் கண்களோடு ஒன்று பழத்தில் உட்கார்ந்திருந்தது. முன் இறக்கை காய்ந்த இலை போலவும், பின் இறக்கை ஆரஞ்சு நிறத்தில் நடுவே வட்டமான கரும்புள்ளியோடும் இருந்தன.

பார்வதி அத்தை: அது யூடோசிமா மெட்டர்னா. புள்ளிக்குப் பதிலாக வளைந்த கறுப்புப் பட்டை இருந்தால் யூடோசிமா ஃபலோனியா.

செல்வி மதினி: இதன் புழு சாத்துக்குடி இலையைத் தின்னாதா, சித்தி?

பார்வதி அத்தை: தின்னாது. சீந்தில், கட்டுக்கொடி போன்ற கொடிகளின் இலைதான் அதற்கு உணவு. உடலின் இரு பக்கமும் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். சீண்டினால் தலையை மடித்து, பின்பகுதியைத் தூக்கி மிரட்டும். வளர்ந்தபின் இலைகளை நூலால் சேர்த்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். பயிரைப் புழு அழிப்பதுதான் நாம் வழக்கமாகப் பார்ப்பது. இங்கே இறக்கை முளைத்த பிறகுதான் தொல்லை.

சங்கரன்: வேலியில் படர்ந்திருக்கும் சீந்திலை வெட்டிவிடட்டுமா?

செல்வி மதினி: வெட்டுங்கள் தம்பி, ஆச்சியின் கஷாயத்துக்கு நீங்களே மலையேறிப் பறித்து வரலாம்.

பார்வதி அத்தை: வலுவாகப் பறக்கும் பூச்சி இது, மலையடிவாரம் முழுக்கக் கொடி இருக்கும்போது நம் வேலியை மட்டும் வெட்டிப் பெரிய பயன் இல்லை என்பதே என் எண்ணம். இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புழுக்களைப் பொறுக்கினால் போதும். இரவில் மட்டும் வந்து, தோலுக்கு உள்ளிருக்கும் சாற்றைக் குடித்துப் போகும் பூச்சியை மேலே தெளிக்கும் மருந்து பெரிதாகத் தடுக்காது. அது பழத்தில்தான் மிஞ்சும். அழுகிய பழத்தின் வாசம் மேலும் பூச்சிகளை இழுக்கும் என்பதால், உதிர்ந்தவற்றை அன்றன்றே புதைத்துவிடு. சில மரங்கள்தானே, பழங்களுக்குப் பை கட்டிவிடு.

சங்கரன்: துணிப் பை போதுமா அத்தை?

பார்வதி அத்தை: போதும், ஆனால் துணி பழத்தோடு ஒட்டாதபடி தளர்வாகக் கட்டு.