ஜமாஅத்துக்குப் பிந்தி வருகிறவர்கள்: பள்ளியில் அன்றாடம் பார்ப்பவை

அஸ்ஸலாமு அலைக்கும். ஜமாஅத்தாக (கூட்டாக) தொழும்போது, இமாம் ருகூஉக்குப் (குனியும் நிலைக்குப்) போகும் தக்பீர் ("அல்லாஹு அக்பர்") கேட்டதும் ஹவ்ளிலிருந்து (கைகால் கழுவும் தொட்டியிலிருந்து) ஈரக்காலோடு ஓடி வருகிறவர்களை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். ஓடாமல் நிதானமாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஓடி வருகிறவர் குனிந்துகொண்டே தக்பீர் கட்டிவிடுகிறார். முதல் தக்பீரான தஹ்ரீமா, பர்ளு (கட்டாய) தொழுகையில் நின்ற நிலையிலேயே சொல்லி முடிக்க வேண்டியது. "அல்லாஹு" நிற்கும்போதும் "அக்பர்" ருகூஉவிலும் வந்தால் அந்தத் தொழுகை ஆரம்பமாகவே இல்லை. அதன்பின் தொழுத எதுவும் பர்ளாகக் கூடாது. நேராக நின்று முழுசாகச் சொல்லுங்கள், பிறகு குனியுங்கள். ருகூஉக்கான இரண்டாவது தக்பீர் சுன்னத்து (நபிவழி, கட்டாயமில்லை). அதற்கு நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

ருகூஉ கிடைத்தால் அந்த ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கிடைத்தது. ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்) இமாம் நிமிரும் முன் நம் உடம்பு ருகூஉவில் ஒரு கணமாவது அடங்கி நின்றிருக்க வேண்டும். அடங்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த ரக்அத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

---

வ அலைக்கும் ஸலாம் காக்கா. ஷாஃபிஈகள் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் நடக்கிறது. இமாம் ருகூஉக்குப் போகப் போகிறார். பிந்தி வந்தவர் நிதானமாக வஜ்ஜஹ்து (தொழுகையின் தொடக்க துஆ) ஓதிக்கொண்டிருப்பார். அது சுன்னத்து, அல்ஹம்து சூரா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) கட்டாயம். நேரம் குறைவு என்றால் வஜ்ஜஹ்துவை விட்டு நேரே அல்ஹம்துவில் தொடங்க வேண்டும். பாதியில் இமாம் ருகூஉ செய்தால் மீதியை விட்டு அவரோடு குனியலாம். வஜ்ஜஹ்துவில் நேரத்தைச் செலவழித்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. அந்த அளவுக்கு அல்ஹம்துவை ஓதிவிட்டுத்தான் அவர் ருகூஉக்குப் போக முடியும். அதற்குள் இமாம் நிமிர்ந்துவிட்டால் ரக்அத் போயிற்று.

இமாம் ஸுஜூதில் (நெற்றியைத் தரையில் வைத்த நிலையில்) இருந்தால் அவர் எழும்வரை சும்மா நிற்கிறவர்களும் உண்டு. எந்த நிலையில் இருந்தாலும் தக்பீர் கட்டிச் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஸுஜூது ரக்அத் கணக்கில் வராது, ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய இழப்பு.

---

ஹனஃபி மத்ஹபுப் பள்ளிகளில் அதிகம் தவறுவது ஸலாமில்தான் பாய். தொழுகையை முடிக்க இமாம் வலப்பக்கம் ஸலாம் சொன்னதும் பிந்தி வந்தவர்கள் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள். ஹனஃபியில் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸுஜூது) அந்த ஒரு ஸலாமுக்குப் பிறகுதான் வரும். இமாம் அதைச் செய்தால் பிந்தி வந்தவரும் கூடவே செய்ய வேண்டும், ஆனால் அந்த ஸலாமைச் சொல்லக் கூடாது. எனவே இரண்டு ஸலாமும் முடிந்து, இமாம் மறுபடி ஸுஜூதுக்குப் போகவில்லை என்று தெரிந்தபின் எழுங்கள்.

நான்கு ரக்அத்தில் கடைசி ஒன்று மட்டும் கிடைத்தவர் எழுந்து, அல்ஹம்துவும் இன்னொரு சூராவும் ஓதி ஒரு ரக்அத் தொழுது, அத்தஹிய்யாத்துக்கு (உட்கார்ந்து ஓதுவது) உட்கார வேண்டும். இந்த உட்காருதலைத்தான் பலர் விடுகிறார்கள். அடுத்த ரக்அத்திலும் அல்ஹம்து, சூரா உண்டு. உட்காராமல் எழ வேண்டும். கடைசியில் அல்ஹம்து மட்டும்.

---

மஃரிபை (மூன்று ரக்அத் கொண்ட அந்தித் தொழுகை) பற்றியும் கேட்கிறார்கள். இரண்டாம் ரக்அத்தின் ருகூஉ தவறி, ஸுஜூதில் வந்து சேர்ந்தவருக்கு மூன்று ரக்அத்தில் நான்கு அத்தஹிய்யாத்து வரும். இமாமோடு இரண்டு, எழுந்து ஒரு ரக்அத் தொழுததும் மூன்றாவது, கடைசி ரக்அத்தில் நான்காவது. எண்ணிக்கை கூடிவிட்டதே என்று பதறி நடுவில் ஒன்றை விட வேண்டாம், அது சரியான கணக்குதான்.

ஜும்ஆவில் (வெள்ளி நண்பகல் தொழுகை) இன்னும் கவனம் தேவை. ஷாஃபிஈயில் இமாமோடு இரண்டாம் ரக்அத்தின் ருகூஉ கிடைத்தவர், ஸலாமுக்குப் பின் ஒரு ரக்அத் சேர்த்தால் ஜும்ஆ நிறைவேறும். ருகூஉ தவறினால் ஜும்ஆ நிய்யத்தோடுதான் (எண்ணத்தோடு) சேர வேண்டும், ஆனால் எழுந்து ளுஹராக (வழக்கமான நண்பகல் தொழுகையாக) நான்கு ரக்அத் தொழ வேண்டும். இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில், ஸலாமுக்கு முன் அத்தஹிய்யாத்தில் சேர்ந்தவருக்கும் ஜும்ஆ உண்டு, இரண்டு ரக்அத் போதும். இரு மத்ஹபினரும் ஒரே ஸப்பில் (வரிசையில்) நிற்கும் பள்ளிகளில், பக்கத்தில் இருப்பவர் இரண்டோடு முடித்தார் என்று நான்கு தொழ வேண்டியவரும் ஸலாம் கொடுத்துவிடுகிறார். தெரியவில்லை என்றால் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அஸருடைய வக்து வரும்வரை ளுஹரைத் தொழ நேரம் இருக்கிறது.