இரண்டு பிரிவிலும் சராசரி கூடியிருக்கிறது, மொத்தச் சராசரி மட்டும் இறங்கியிருக்கிறது. என் கணக்கில் எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டு மாதமாக வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தரவை அலச உதவும் எக்செல், எஸ்க்யூஎல், பவர் பிஐ மூன்றையும் படித்து வருகிறேன். அனுமானத்தை வைத்து முடிவெடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம்.

புதிய வாடிக்கையாளர்களுக்கு முதல் ஆர்டரில் தள்ளுபடி கொடுக்கிறோம். இந்தக் காலாண்டில் ஓர் ஆர்டருக்கு வாங்கும் சராசரிப் பெட்டிகள் நன்றாகவே இறங்கிவிட்டன. தள்ளுபடிதான் காரணம், நிறுத்திவிடலாம் என்கிறார் மேலாளர். நான் பழையவர், புதியவர் என்று பிரித்துப் பார்த்தேன். இரண்டு பிரிவிலும் சராசரி கூடியிருக்கிறது! இரண்டும் கூடினால் மொத்தம் எப்படி இறங்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. என் அறிக்கையில் வரும் மொத்தம், கணக்குப் பிரிவு சொல்லும் மொத்தத்தைவிட அதிகம். வியாழக்கிழமை கூட்டம். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் இரண்டாவது சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். மொத்தம் பொருந்தாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவும் பேசக் கூடாது.

ஆர்டர் டேபிளோடு வேறு டேபிள் எதையாவது ஜாயின் செய்திருக்கிறீர்களா, அதாவது பொதுவான எண்ணை வைத்து இணைத்திருக்கிறீர்களா? ஜாயினுக்கு முன்னும் பின்னும் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் அங்கேதான் கோளாறு. நான் ஒவ்வொரு டேபிளையும் திறந்தவுடன் "இதில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?" என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஓர் ஆர்டரா, ஆர்டரில் ஒரு பொருளா, ஒரு கட்டணமா? இந்தப் பழக்கம் காப்பாற்றிய அளவுக்கு எந்தச் சூத்திரமும் என்னைக் காப்பாற்றியதில்லை.

கேட்டவர்

சரியாகப் பிடித்தீர்கள். 1,500 ஆர்டர்கள், ஜாயினுக்குப் பிறகு 1,842 வரிகள். கட்டண டேபிளைச் சேர்த்திருந்தேன். மூன்று தவணையாகப் பணம் கட்டியவரின் 12 பெட்டி ஆர்டர், மூன்று வரியாக விரிந்து 36 பெட்டியாகிவிட்டது. கட்டணங்களை முதலில் ஆர்டர் எண்படி குரூப் பை செய்து, அதாவது ஓர் ஆர்டருக்கு ஒரே வரியாகத் திரட்டி, அப்புறம் சேர்த்தேன். இப்போது கணக்குப் பிரிவின் மொத்தத்தோடு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் முதல் புதிர் அப்படியே நிற்கிறது. திருத்திய எண்கள்:

போன காலாண்டு: பழையவர் 800 ஆர்டர், சராசரி 20 பெட்டி. புதியவர் 200 ஆர்டர், சராசரி 8. மொத்தச் சராசரி 17.6.

இந்தக் காலாண்டு: பழையவர் 600 ஆர்டர், சராசரி 21. புதியவர் 900 ஆர்டர், சராசரி 9. மொத்தச் சராசரி 13.8.

பதில் 2

உங்கள் கணக்கில் தவறே இல்லை. மாறியது கலவை. போன முறை ஐந்தில் ஒரு ஆர்டர்தான் புதியவர்களுடையது. இப்போது ஐந்தில் மூன்று. சிறிய ஆர்டர்கள் கூட்டத்தில் பெருகிவிட்டதால், இரண்டு பக்கமும் உயர்ந்தும் மொத்தச் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. மொத்தப் பெட்டிகளைப் பாருங்கள்: 17,600 இப்போது 20,700 ஆகியிருக்கிறது. சராசரி இறங்கியதை வைத்துத் தள்ளுபடியை நிறுத்தினால், வளர்ந்துகொண்டிருக்கும் பக்கத்தை வெட்டுவதாகும்.

இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். அதிகம் பேசப்படும் உதாரணம் 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சேர்க்கை. மொத்தமாகப் பார்த்தால் ஆண்களில் சுமார் 44 சதவீதம், பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் பெரிய இடைவெளி காணவில்லை. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

பதில் 3

மேலே சொன்னது சரி. ஆனால் எல்லோரும் சராசரியையே பார்க்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு எண்: பழையவர்களின் ஆர்டர் 800-லிருந்து 600. நான்கில் ஒரு பங்கு போயிருக்கிறது! புதியவர்களின் வெள்ளம் அதை மூடிவிட்டது. ஆட்கள் குறைந்தார்களா, அதே ஆட்கள் குறைவாக வாங்குகிறார்களா? வாடிக்கையாளர் எண்ணை கவுன்ட் டிஸ்டிங்க்ட் (ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணுவது) போட்டுப் பாருங்கள். "பழையவர்" என்பதற்கு இரண்டு காலாண்டிலும் ஒரே வரையறைதானா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

கேட்டவர்

வரையறை ஒன்றுதான். பழையவர்கள் 320 பேர், இப்போது 300. ஒருவர் சராசரியாக 2.5 முறை வாங்கியது 2 முறையாகிவிட்டது. ஆக, பெரும்பாலும் அதே ஆட்கள்தான், வருவதுதான் குறைந்திருக்கிறது. இதை நான் பார்க்கவே இல்லை.

கிடங்கில் விசாரித்தேன். புதிய ஆர்டர்கள் குவிந்ததால் எல்லோருக்குமே சரக்கு தாமதமாகப் போகிறதாம். இதுதான் காரணமாக இருக்குமோ?

பதில் 3

இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு அது ஊகம். பழையவர்களை மட்டும் எடுத்து, சரக்கு தாமதமாகப் பெற்றவர்கள், நேரத்துக்குப் பெற்றவர்கள் என்று பிரியுங்கள். அடுத்த ஆர்டர் தர ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நாட்களைப் பாருங்கள். இன்னும் திரும்பி வராதவர்களை விட்டுவிடாதீர்கள், அவர்கள்தான் முக்கியம். சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வரும் எண். ஆறு மாதம் காணாமல் போய் வந்த ஒருவரே சராசரியைத் தூக்கிவிடுவார். வரைபடமும் போடுங்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். சராசரி, பரவல் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன) எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம்.

கேட்டவர்

இடைநிலை: தாமதமானவர்கள் 46 நாள், மற்றவர்கள் 34 நாள். தூரம் காரணமாக இருக்குமோ என்று பகுதிவாரியாகவும் பிரித்தேன். ஒரு பகுதியில் வித்தியாசம் இல்லை, மற்ற மூன்றிலும் இருக்கிறது.

பதில் 1

இது போதும், கூட்டத்துக்குப் போகலாம். ஆனால் "தாமதம்தான் காரணம்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். தள்ளுபடியைத் தொடரலாம், அந்த மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் பழையவர்களின் சரக்கை ஆறு வாரம் முதலில் அனுப்பிப் பார்க்கலாம் என்று கேளுங்கள். எந்த எண் எவ்வளவு மாறினால் எல்லாப் பகுதிக்கும் விரிவாக்குவது என்பதை இப்போதே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு கோடு போட்டால், நமக்குப் பிடித்த இடத்தில்தான் போடுவோம்.

கேட்டவர்

சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். இருபது பக்க டாஷ்போர்டு தயாராக இருந்தது, அதைத் திறக்கவே இல்லை. நான்கு வரிகள் கொண்ட ஒரு டேபிளைக் காட்டினேன். 800, 600 என்ற இடத்தில் மேலாளர் விரலை வைத்துவிட்டு நீண்ட நேரம் எடுக்கவில்லை. திங்கள்கிழமை தொடங்குகிறோம், ஆறு வாரம் கழித்து எண்களோடு வருகிறேன்.