சாத்தூர் வீடு குழு: தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் புத்தகம்

கார்த்திக்: எல்லோரும் பாருங்கள். தாத்தா கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் புத்தகம் தயார். 112 பக்கம். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், 11 மணிக்குள் ஏஐ எழுதி முடித்துவிட்டது 😎

முருகேசன் சித்தப்பா: சபாஷ். அட்டை பிரமாதம்.

அமுதா அத்தை: 3ஆம் பக்கத்தில் அப்பா காவிரியில் நீந்தினார் என்று இருக்கிறதே. நமக்கு வைப்பாறுடா. அதுவும் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்.

கார்த்திக்: மாற்றிவிடலாம் அத்தை. ஒரு சொல்தானே.

அமுதா அத்தை: சரி. 40ஆம் பக்கம்? "அன்னையின் கைமணம் வீடெங்கும் கமழ்ந்தது." அம்மாவுக்குச் சமையலே வராது. அப்பாதான் சோறு வடிப்பார், தெருவே கேலி பண்ணும்.

முருகேசன் சித்தப்பா: 😂😂 அம்மா ரசம் மட்டும் வைப்பார்கள். அதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

பிரியா (நியூஜெர்சி): இங்கே இது பெரிய தலைவலி. 2023இல் காளான் பறிக்கிறவர்களுக்கான கையேடுகள் இப்படி அமேசானில் வந்தன. காட்டுப்பக்கமே போகாத ஒன்று எழுதியது. நம்பி விஷக்காளானைத் தின்றுவிடாதீர்கள் என்று நியூயார்க் காளான் சங்கம் எச்சரித்தது. அந்தச் செப்டம்பரில்தான் ஒருவர் ஒரு நாளைக்கு 3 புதுப் புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அமேசான் கட்டுப்பாடு வைத்தது.

முருகேசன் சித்தப்பா: நாளைக்கு மூன்று! அது கட்டுப்பாடா? எனக்கு ஒரு மனு எழுதவே மூன்று நாள் ஆகும்.

பிரியா: 😄 ஆத்தர்ஸ் கில்ட் என்கிற எழுத்தாளர் சங்கம் 2025 ஜனவரியில் 'மனிதர் எழுதியது' என்று ஒரு முத்திரையே கொண்டுவந்தது. எழுத்துப்பிழை பார்க்கக் கணினி இருக்கலாம், எழுதுவது ஆளாக இருக்க வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: அக்மார்க் நெய் மாதிரி.

கார்த்திக்: எல்லாம் சரி. ஆறு மாதமாக இதே குழுவில் கேட்டேன், யாராவது ஒரு வரி எழுதி அனுப்பினீர்களா? காலை வணக்கப் படம்தான் வந்தது.

முருகேசன் சித்தப்பா: அது நியாயம்.

அமுதா அத்தை: 📷 இந்தா. அப்பாவின் வரவு செலவு நோட்டு, 1974. "தீப்பெட்டி ஆபீஸ் கூலி 18. அமுதாவுக்குக் காய்ச்சல், ஊசி 2. அழுதாள், சேவு 25 காசு." அதற்கு மேல் வரியைப் பார். "டீ 15 காசு" என்று எழுதி அடித்திருக்கிறார்.

கார்த்திக்: எத்தனை நோட்டு இருக்கிறது அத்தை?

அமுதா அத்தை: பரண் மேல் 9. இன்னொன்றைக் கரையான் தின்றுவிட்டது.

கார்த்திக்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் வாசியுங்கள், நான் தட்டச்சு பண்ணுகிறேன்.

தாத்தா: கரையான் இல்லை அமுதா. அது 1981 நோட்டு. பையன் வரட்டும், சொல்கிறேன்.