கல்லறைக் கல்லுல அம்மாச்சி பிறந்த வருஷம் என்னன்னு போடறது?

தங்கச்சிமடத்துப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாச்சி தவறி இருபத்தி ரெண்டு நாளாச்சு. முப்பதாம் நாள் பூசைக்கு முன்னாடி கல்லறையில கல்லு பதிக்கணும்னு சின்ன மாமா அட்வான்ஸ் குடுத்துட்டாரு, கல்லுக்காரரு எழுத்து வெட்ட விவரம் கேக்குறாரு, அங்கதான் நிக்குது. ஆதார்ல 01-01-1952ன்னு இருக்கு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் அதை வச்சுத்தான் 73 வயசுன்னு அடிச்சோம். அதப் பாத்ததுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடல. "எங்காத்தா 52ல பொறந்துச்சுன்னா புயலப்ப அதுக்குப் பன்னெண்டு வயசு, பன்னெண்டு வயசுல எங்கண்ணன எப்படிடா பெத்துச்சு"ன்னு கேக்குறாங்க.

பெரிய மாமா 64 புயலப்ப கழுத்து நிக்காத கைப்புள்ள. தண்ணி ஏறி வர்றப்ப அம்மாச்சி புள்ளைய ஓலைக்கொட்டான்ல போட்டு தலையில வச்சுக்கிட்டு இருட்டுல கோயிலுக்கு ஓடுச்சாம், விடிஞ்ச பிறகு தனுஷ்கோடி போச்சு, ரயில் போச்சு, பாலம் போச்சுன்னு ஒவ்வொரு சேதியா வந்துச்சாம். இதை எங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கும்னு கணக்கே இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் கொட்டான் ஒரு பக்கம் பிஞ்சிருந்துச்சுங்கிறத மட்டும் விடாம சொல்லும்.

வயசு கேட்டா "சண்டை முடிஞ்ச வருசம் பொறந்தேன்னு எங்கய்யா சொல்லுவாரு"ன்னு மட்டும் சொல்லும். எந்தச் சண்டைன்னு நாங்க கேக்கல, ஏதோ ஊர்ச் சண்டைன்னு நெனச்சுக்கிட்டோம். இப்ப கேக்க ஆள் இல்ல.

இன்னொன்னு. பூசை முடிஞ்சு நான் ரெண்டு நிமிசம் பேசணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. நாப்பது வருசத்துக்கு மேல கடல்ல முங்கிப் பாசி எடுக்கப் போயி நாலு புள்ளைய வளத்த மனுசி, ஆனா வீட்ல இருக்கிற எந்தத் தாள்லயும் அந்த வேலை இல்ல. கடைசி பத்து வருசமா ரேஷன் கடை மெஷின்ல அம்மாச்சிக்கு ரேகையே விழாது. விரலத் தொடச்சு தொடச்சு வச்சுப் பாத்துட்டு, "பாறைல வுட்டுட்டு வந்துட்டேன்யா"ன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டு ஓரமா நிக்கும். பேச நின்னா எனக்கு அது ஒன்னுதான் ஞாபகத்துக்கு வருது. என்ன பேசுறதுன்னு தெரியல.

மண்டபம் கச்சான்:

தம்பி, ஆழ்ந்த அனுதாபம். உங்கம்மா கணக்குதான் சரி. ஆதார்ல ஒன்னாம் மாசம் ஒன்னாந்தேதின்னு இருந்தாலே அது பெரும்பாலும் பொறந்த தேதி இல்ல, தேதி தெரியாதவங்களுக்கு வருசத்த மட்டும் வச்சுப் போட்டது, அந்த வருசமும் பல பேருக்குக் குத்துமதிப்புதான். எங்க வீட்டுப் பெரியவங்க மூணு பேருக்கும் அதே தேதிதான்.

அம்மாச்சி சொன்ன சண்டை ஊர்ச் சண்டையா இருக்காது. எங்க தாத்தா தலைமுறையில சண்டைன்னு மொட்டையா சொன்னா அது ரெண்டாம் உலகப் போர். அது முடிஞ்சது 1945. அப்படிப் பாத்தா புயலப்ப, அதாவது 1964 டிசம்பர் 22 ராத்திரி, அவங்களுக்குப் பத்தொன்பது வயசு. கைப்புள்ளக்காரிக்கு சரியாத்தானே வருது?

ஊகத்துல கல்லு வெட்டாதீங்க, ஆனா கோயில்ல கேளுங்க. ஞானஸ்நானம் எந்தப் பங்குலன்னு தெரியலன்னா கூட கல்யாணம் நடந்த கோயில் தெரியும்ல, கல்யாணப் பதிவேட்டுல வயசு எழுதியிருப்பாங்க. நேர்ல போங்க, போன்ல கேட்டா பழைய ரெஜிஸ்டர எடுத்துப் பாக்க மாட்டாங்க.

உப்பூர்க்காரர்:

ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. இறப்புச் சான்றிதழ், பேங்க், பென்ஷன் எல்லாத்துலயும் ஆதார் தேதியே இருக்கட்டும், இப்ப அதை மாத்தக் கிளம்பினா அலைஞ்சு ஓய்ஞ்சிருவீங்க. கல்லு குடும்பத்துக்கு, அதுல யாரும் ஜெராக்ஸ் கேக்க மாட்டாங்க. மாசம் தேதி தெரியலன்னா வருசம் மட்டும் போடுங்க, போதும்.

கீழக்கரை பேத்தி:

எங்க உம்மம்மா மவுத்தாகி மூணு வருசமாச்சு. போட்டோ எடுக்க விட்டதே இல்ல. அப்பா, அதாவது உம்மம்மாவோட வீட்டுக்காரர், கொழும்புல கடை வச்சிருந்தாக, அப்புறம் மாமாமாரெல்லாம் சவுதி. அந்தக் காலத்துல கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி ஆள்கிட்ட குடுத்து விடுவாங்கல்ல, அதுல ஒரு கேசட் மாமா பொட்டியில கெடந்துச்சு. போட்டா முதல் பத்து நிமிசம் உம்மம்மா தொதல் கிண்டுறதப் பத்திதான் பேசுறாங்க. தேங்காப்பால் எப்ப ஊத்தணும், கருப்பட்டி எந்தப் பதத்துல சேக்கணும், அகப்பையில ஒட்டாம வர்ற வரைக்கும் கை நிறுத்தக் கூடாதுன்னு. அங்க யாரு தொதல் கிண்டப் போறா? அவங்களுக்குப் புள்ளைங்ககிட்ட வேற எதைப் பேசுறதுன்னு தெரியல, அவ்வளவுதான். கடைசியில "வாப்பா, வெயில்ல நிக்காதத்தா"ன்னு ஒரு வரி. மாமா அத மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்க.

அதனால சொல்றேன், என்ன பேசுறதுன்னு யோசிக்காதீங்க, அந்த ரேஷன் கடை விஷயத்த அப்படியே சொல்லுங்க. முடிஞ்சா இந்த வாரமே உங்கம்மாவ உக்கார வச்சு அம்மாச்சி கதைய போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, நாங்க லேட்டாத்தான் பண்ணோம்.

சின்னப்பாலம் அக்கா:

தம்பி, நான் சொல்லச் சொல்ல எம்மக டைப் பண்றா. பாசிக்குப் போன ஆளுன்னு எழுதியிருந்தீக, அதான் சொல்லணும்னு தோணுச்சு. உங்க அம்மாச்சிய நான் பாத்தேனோ பாக்கலையோ, அவுக என்ன செஞ்சாகன்னு எனக்குத் தெரியும். விடியக்காலம் எந்திரிச்சு சோத்த வடிச்சு வச்சுட்டு, சேலை மேல பழைய சட்டைய மாட்டி, விரலுக்கு ஒவ்வொன்னா துணிய சுத்தி, கண்ணாடி போட்டு, கால்ல செருப்போட தகட்டக் கட்டி, இடுப்புல வலைப்பைய மாட்டிக்கிட்டு முங்குவாக. மூச்ச அடக்கிட்டு கீழ போயி பாறையில கிள்ளி எடுக்கணும். மரிக்கொழுந்து பாசி ரொம்பப் பொடிசு, ஒரு பை ரொம்பறதுக்குள்ள நூறு தடவைக்கு மேல முங்கணும், கட்டக்கோரைன்னா கொஞ்சம் சுளுவு, ஆனா வெலை இல்ல. துணி நனைஞ்சு ஒரு மணி நேரத்துல அவுந்துரும், அப்புறம் வெறும் கைதான். சொறி மீன் பட்டா ராத்திரி பூரா எரியும். ரேகை இருக்குமா, நீங்களே சொல்லுங்க. எனக்கும் கட்டை விரல்ல பாதி இல்ல.

இன்னொன்னும் சொல்லுங்க அந்தக் கோயில்ல. நாங்க கடல அழிச்ச ஆளுக இல்ல. 1986ல மன்னார் வளைகுடாத் தீவுகளச் சுத்தித் தேசியப் பூங்கான்னு ஆக்குனாக, பின்னாடி கெடுபிடி கூடிப்போயி 21 தீவுப் பக்கமும் போகக் கூடாதுன்னு வெரட்டுனாக, அபராதம் கட்டுனோம், பையப் பறிகுடுத்தோம். அப்புறம் பொம்பளைகளே கூடி உக்காந்து, மாசத்துல பன்னெண்டு நாள்தான் போறது, மீன் குஞ்சு பொரிக்கிற 45 நாள் பாசிக்கே எறங்கறதில்ல, வேரோட புடுங்காம கிள்ளித்தான் எடுக்கணும்னு பேசி முடிச்சோம். இந்த வேலைய எடுத்துச் சொன்னதுக்குத்தான் எங்கூரு லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவுல, தீவுகளோட இயற்கையக் காக்குற ஆளுகளுக்குத் தர்ற சீகாலஜி பரிசு குடுத்தாக. உங்க அம்மாச்சி வயசு ஆளுகதான் எங்களுக்கு முங்கக் கத்துக் குடுத்தது. பேரு வெளிய வரல, அவ்வளவுதான்.

அழுகாம பேசுங்க. அழுகை வந்தா அழுதுட்டுப் பேசுங்க.

தங்கச்சிமடத்துப் பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்கு ரொம்ப ரொம்ப. உங்க பதில அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன், துணி சுத்துறதுன்னு வர்ற இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு, சின்ன வயசுல ராத்திரி அம்மாச்சிக்கு அந்தத் துணியக் கிழிச்சு வைக்கிறது தன்னோட வேலைன்னு சொன்னாங்க, பழைய கைலிதான் நல்லதாம், சீக்கிரம் அவுறாதாம். இதை இத்தனை வருசமா எங்ககிட்ட சொன்னதே இல்ல. ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சுட்டேன்.

மண்டபம் அண்ணன் சொன்ன மாதிரி நேத்து கோயிலுக்குப் போனோம். ஃபாதரே கூட உக்காந்து தேடினாரு. கல்யாணப் பதிவேட்டுல 1963 பக்கத்துல இருந்துச்சு, வயசு 18. சண்டை முடிஞ்ச வருசம்தான். கல்லுல 1945ன்னு போடச் சொல்லிட்டோம்.

அந்த வரிக்குக் கீழ மாப்பிள்ளை கையெழுத்து இருக்கு, பக்கத்துல அம்மாச்சியோட கைநாட்டு. மை கொஞ்சம் பழுப்பாயிருச்சு, ஆனா ரேகை ஒரு கோடு விடாம சுழிசுழியா அப்படியே தெரியுது. அம்மா ரொம்ப நேரம் அதப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, தன் கட்டை விரல அது மேல வச்சாங்க, ஃபாதர் ஒன்னும் சொல்லல. அப்புறம் போட்டோ எடுக்கலாமான்னு கேட்டோம், எடுத்துக்கச் சொன்னாரு.