கராஜில் 17 வருஷம் கிடந்த பெஜோ 205 ஜிடிஐ: சாவி போட்டதும் ஒரு 'டக்'

நெம்புகோல்:
பிரிட்டன் வண்டி, 1.9 லிட்டர், கடைசியாக ஓடி 17 வருஷம். புது பேட்டரி மாட்டி நேரே சாவியைத் திருகியிருக்கிறார்கள். இரண்டு சுற்று ஒழுங்காக வந்தது, மூன்றாவதில் 'டக்'. அதன்பிறகு ஸ்டார்ட்டர் மட்டும் லேசாகச் சுற்றுகிறது, கம்ப்ரஷனே இல்லை. கிராங்கையும் வால்வுகளையும் ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டின் பல் ஏழெட்டு கவருக்குள் உதிர்ந்து கிடந்தது. இதிலுள்ள எக்ஸ்யூ வகை எஞ்சினில் பெல்ட் போனால் வால்வு பிஸ்டனில் முட்டும், தெரிந்ததுதான். ஹெட்டைத் தூக்கினால் அடுத்த வம்பு வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் கூலன்ட் தொடும், தனியாகக் கழலும் சிலிண்டர் குழாய். கிளாம்ப் போடாமல் கிராங்கை அசைத்தால் லைனர் எழும்பி அடி சீல் போகும், கூலன்ட் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள் (சம்ப்) இறங்கும். 17 வருஷப் பெல்ட்டை நம்பினால் இதுதான் கதி.

சம்ப்ளக்:
பெல்ட்டைத் திட்டுமுன் ஒன்று பாருங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பழைய கூலன்ட் அலுமினியத்தை அரித்து பம்ப் இறுகிவிட்டால், புதுப் பெல்ட்டே போட்டிருந்தாலும் பல் உரியும். பெல்ட்டைக் கழற்றி பம்ப் பல்சக்கரத்தை விரலால் சுற்றினால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

நெடுநாள் கிடந்த வண்டியைக் கிளப்பும் முறை இதுதான்: நாலு ப்ளக்கையும் கழற்றி, துளைக்கு 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள். ஆயில், ஃபில்டர் மாற்றி, ப்ளக் இல்லாமல், காயிலையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு அடியுங்கள். அதுவரை பெட்ரோலை நினைக்கவே வேண்டாம்.

கேஜெட்ரானிக்:
பெட்ரோலைக் கடைசிக்குத் தள்ளுவது 205-க்குச் சரி. ஃபோக்ஸ்வேகன் மார்க் 1 (முதல் தலைமுறை) கோல்ஃப் ஜிடிஐ என்றால் தொடங்குவதே அங்கேதான். பெட்ரோல் ஊற்றும் குழாய் (ஃபில்லர் நெக்) உள்ளே துருப்பிடித்து, செதில் செதிலாக டேங்க்கில் விழும். அந்தத் துரு ஃபில்டரைத் தாண்டினால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சர் சிக்கிக்கொள்ளும். பழைய பெட்ரோல் வார்னிஷாகக் காய்ந்தாலும் அதே கதைதான். நெக்கை மாற்றி, டேங்க்கைக் கழுவி, நாலு இன்ஜெக்டரையும் நாலு பாட்டிலில் விட்டு, பெட்ரோல் பம்ப் ஓடும்போது, காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் தட்டைக் காந்தத்தால் மெல்லத் தூக்குங்கள். நாலும் ஒரே நேரத்தில் 'கீச்' என்று கத்த வேண்டும். ஒரு வண்டியில் மூன்று கத்தின, நாலாவது பாட்டிலில் சொட்டு சொட்டாக மஞ்சள் தண்ணீர். அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்ஷனுக்கான ஆர்9 தரம் கேளுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. இந்த வயது வண்டிக்கு இ5 சூப்பர் போடுவதே நல்லது.

பின்பீம்:
எல்லோரும் எஞ்சினையே சுற்றுகிறீர்கள். 205-ஐ வாங்குமுன் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா? டிக்கியை அழுத்தினால் பழைய கதவு மாதிரி முனகுகிறதா? முடிந்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் ட்ரெய்லிங் ஆர்மின் நீடில் ரோலர் பேரிங்கில் சீல் வெடித்து, தண்ணீர் புகுந்து, ரோலர் துருப்பிடித்து ஷாஃப்டையே செதுக்கியிருக்கும். பேரிங் மட்டும் மாற்றுவது வீண்செலவு. பள்ளம் விழுந்த ஷாஃப்டில் புது ரோலரும் சீக்கிரமே போய்விடும். ஆர்ம், பின் பீமின் (இரு ஆர்மையும் தாங்கும் குறுக்குக் குழாய்) முனையில் உரசியிருந்தால் பீமே போச்சு.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும் கம்பியான டார்ஷன் பார் இருபக்கமும் ஒன்றல்ல, இடம் மாற்றக்கூடாது. கழற்றுமுன் பல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் உயரம் அதில்தான் இருக்கிறது. துரு எண்ணெயை நாலு நாள் முன்பே அடித்துவிட்டு, பிறகு ஸ்லைட் ஹாமரால் (எடையை இழுத்து மோதிக் கழற்றும் கருவி) இழுங்கள். திருப்பி மாட்டும்போது ஷாக் அப்சார்பருக்குப் பதில் சரியான நீளத்துக்கு ஒரு கம்பி வையுங்கள். 1.9-இல் பின்னாலும் டிஸ்க், ஹேண்ட்பிரேக் லீவர் காலிப்பரில் இறுகியே இருக்கும். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தேதிக் குறியைப் பார்த்து நாலையும் தூக்கிப்போடுங்கள், 185/55 ஆர்15. வண்டிக்கு நாற்பது வயது தாண்டினால் எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) கட்டாயமில்லை என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். பைத்தியக்காரத்தனம்.

நெம்புகோல்:
@சம்ப்ளக் வாட்டர் பம்ப் அசையவே இல்லை. கூலன்ட் வெறும் பழுப்புச் சேறு. பெல்ட் மேல் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.
@பின்பீம் ஆமாம், சாய்ந்துதான் இருக்கிறது.