மோட்டார்ஹோம்: கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், உதவி பண்ணுங்க

புதுவரவு_லீட்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். ஜூலைல அப்பா அம்மா வர்றாங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டு ஸ்காட்லாந்து சுத்தலாம்னு பழைய மோட்டார்ஹோம் (உள்ளயே சமைச்சுப் படுத்துக்கற வேன்) ஒண்ணு பார்த்துக்கிட்டிருக்கோம். ஹோட்டல்னா ரெண்டு ரூம் போடணும், அம்மா வெளியில ஒரு வாய் சாப்பிட மாட்டாங்க. வண்டிக்குள்ளயே ரசம் சோறு வச்சுக்கலாம். ஒரே டீலர்கிட்ட ரெண்டு வண்டி இருக்கு, ரெண்டும் ஃபியட் டுக்காட்டோ. 2012 வண்டி கியர், 24,000 பவுண்டு. 2013 வண்டி ஆட்டோமேட்டிக், 28,000. அட்வான்ஸ் 500 குடுத்தாச்சு. எந்த வண்டின்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்ங்கிறார். ஊர்ல நான் கியர் வண்டிதான் ஓட்டினது. வீட்ல ஆட்டோமேட்டிக்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். தூக்கமே வரலை. எதை எடுக்கட்டும்?

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
தம்பி, யோசிக்காமல் கியர் வண்டியை எடுங்கோ. நான் 1991இல வந்தனான். வந்த புதுசில விடியப்புறம் பேக்கரி வான் ஓடினனான். ஹீட்டர் வேலை செய்யாத வான். கண்ணாடிக்கு உள்ளுக்கும் ஐஸ் பிடிச்சிருக்கும், கை விறைச்சு கியர் தடியைப் பிடிக்கேலாது. சம்பளம் கையில வந்தவுடன அரைவாசி ஊருக்குப் போயிடும். அப்பிடி ஓடிப் பழகின எங்களுக்குத் தெரியும், மலை ஏறேக்குள்ள எந்தக் கியரில இழுக்கோணும் எண்டதைக் கை சொல்லும். மெசினுக்கு முன்னால வாற வளைவு தெரியாது. பாரத்தைப் பற்றியும் யோசிக்காதேங்கோ, கார் லைசன்சில 7.5 டன் மட்டும் ஓடலாம். லண்டனுக்குள்ள வாறதெண்டால் மட்டும் கவனம்: டீசல் எண்டால் யூரோ 6 எண்டுற புகைத் தரம் இருக்கோணும், இல்லாட்டி நாளுக்கு 12.50 பவுண்டு யூலெஸ் எண்டுற புகைக் காசு. நீங்கள் சொல்லுற வருசத்து வண்டி ரெண்டும் அதுக்குள்ள மாட்டும்.

யார்க்_கோவைக்காரி:
அண்ணா சொல்றது அவருக்குச் சரி. இவருக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லதுங்க. நான் ஜனவரில வந்தேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல பஸ் ஸ்டாப்ல நிப்பேன், பஸ் வராது, கால்ல உணர்ச்சியே இருக்காது. அழுதுக்கிட்டே நடந்திருக்கேன். அந்தக் கஷ்டத்துலதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். புது ஊரு, புது ரூல். ரவுண்டானாவுல எந்த லேன், எந்த எக்சிட்டுன்னு பார்க்கறதா, கிளட்ச்சைப் பார்க்கறதா? அதுவும் ஏழு மீட்டர் நீள வண்டி. எம்62 மோட்டார்வேல வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஊர்ந்து பாருங்க, இடது முட்டி என்ன ஆகுதுன்னு தெரியும். பெரியவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க, ஒவ்வொரு தடவையும் குலுங்கக் கூடாது. வீட்ல சொல்றதைக் கேளுங்க.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
பிள்ளை, முட்டி நோகுதெண்டு மலையில பிரேக்கை நம்பி இறங்கேலாது.

டெர்பி_ஒர்க்‌ஷாப்:
நான் வேன் ஒர்க்‌ஷாப்ல வேலை பார்க்கிறவன். எல்லாரும் ஆட்டோமேட்டிக்னா ஒரே சாமான்னு நினைச்சுப் பேசறீங்க. அது இல்லை. அந்தக் காலத்து டுக்காட்டோவுல வந்த ஆட்டோமேட்டிக்குக்கு கம்ஃபர்ட்மேட்டிக்னு பேரு. உள்ள இருக்கறது சாதாரண கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச் தட்டு. கிளட்ச்சை மிதிக்கிறதும் கியர் மாத்தறதும் நம்ம காலும் கையும் இல்லாம ஹைட்ராலிக் செய்யுது, அவ்வளவுதான். ஆயில் வழியா சக்தி கடத்தற டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸ் டுக்காட்டோவுக்கு வந்தது 2019லதான், ஒன்பது கியரோட. ஸ்ப்ரின்டர்ல அது முன்னாடியே உண்டு.

இதனால என்ன வித்தியாசம்னா, கம்ஃபர்ட்மேட்டிக்கை மேட்டுல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு அப்படியே நிறுத்தி வைக்கக் கூடாது. கிளட்ச் தட்டு தேய்ஞ்சு கருகிடும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, கிளம்பும்போது விடணும். கேம்ப்சைட்ல மேட்டைப் பார்த்து மெதுவா ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே கதைதான், அங்குலம் அங்குலமா ஊரவிட்டா தட்டு சூடாகும். கியர் மாறும்போது ஒரு சின்ன இடைவெளி, தலை முன்னாடி ஆடும். பழகினா சரியாயிடும். டார்க் கன்வெர்ட்டர் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்னு நினைச்சு நாலாயிரம் அதிகமாக் குடுத்தா ஏமாற்றமா இருக்கும்.

கண்டுபிடிக்கறது சுலபம். லீவரைப் பாருங்க. P இல்லைன்னா கம்ஃபர்ட்மேட்டிக்.

மில்டன்கீன்ஸ்_ஐடி:
வண்டியே வாங்காதீங்க ப்ரோ. வாடகைக்கு எடுங்க. இன்ஷூரன்ஸ்காரங்க கேக்கற தொகையைப் பார்த்தீங்கன்னா வண்டி ஆசையே விட்டுப் போயிடும். நான் வந்தப்போ எனக்குச் சொன்ன பிரீமியம் நான் வாங்கின காரோட விலைக்குப் பக்கத்துல. ஊர்ல ஒரு கீறல் இல்லாம ஓட்டினதுக்கு இங்க மதிப்பே கிடையாது. சிங்கப்பூர், யுஏஇ லைசன்ஸை மாத்திக் குடுக்கறாங்க, நம்ம லைசன்ஸுக்கு அது இல்லை. சென்னை ஓஎம்ஆர் ரோட்ல ஓட்டினவனை L ஒட்டச் சொல்றாங்க. டெஸ்ட் தேதிக்கு மாசக் கணக்கா காத்திருக்கணும். வார நாள்ல 62 பவுண்டு, வெளியில புரோக்கர் அதை எவ்வளவுக்கு விக்கறான்னு கேட்டா தலை சுத்தும்.

யார்க்_கோவைக்காரி:
டெஸ்ட் தேதியைப் பத்திப் பேசாதீங்க. எனக்கு யார்க்ல கிடைக்காம ஸ்கார்பரோ வரைக்கும் போய் நின்னேன். அங்க போனா அன்னைக்கு ரத்து. திரும்ப வரிசை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
எங்கட காலத்தில இவ்வளவு ஆக்கினை இல்லை. இப்ப எல்லாத்துக்கும் போன். ஆள் இல்லை. அமத்து ஒண்டு, அமத்து ரெண்டு.

மில்டன்கீன்ஸ்_ஐடி:
வரியும் நாமதான் கட்டறோம், வரிசையிலயும் நாமதான் நிக்கறோம்.

வேல்ஸ்_வண்டிக்காரர்:
கேட்டவர் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும், மறந்துவிட வேண்டாம். தம்பி, மூன்று விஷயம் நீங்கள் சொல்லவே இல்லை. இங்கே வந்து எத்தனை மாதம் ஆகிறது? இங்கத்து டெஸ்ட்டுக்கு எதில் பயிற்சி எடுக்கிறீர்கள்? உங்கள் மனைவியும் ஓட்டுவாரா?

புதுவரவு_லீட்ஸ்:
போன செப்டம்பர் கடைசில வந்தோம். இப்ப இந்திய லைசன்ஸ்லதான் நண்பர் காரை அப்பப்ப ஓட்டறேன். தியரி பாஸ் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் ஆட்டோமேட்டிக்லதான் கிளாஸ் போறோம், சீக்கிரம் பாஸ் ஆகிடலாம்னு சொன்னாங்க. இதுக்கும் வண்டிக்கும் என்னங்க சம்பந்தம்?

வேல்ஸ்_வண்டிக்காரர்:
எல்லா சம்பந்தமும் அதில்தான் இருக்கிறது.

இந்திய லைசன்ஸில், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். இடையில் ஊருக்குப் போய் வந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது, இன்டர்நேஷனல் பெர்மிட்டும் அதை நீட்டாது. ஆக, ஜூலைப் பயணம் வரை நீங்கள் கியர் வண்டியும் ஓட்டலாம். செப்டம்பருக்குப் பிறகு இங்கத்து லைசன்ஸ்தான். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் கார்டின் பின்பக்கம் 78 என்று குறியீடு வரும். அதற்கு ஆட்டோமேட்டிக் மட்டும் என்று பொருள். அந்த லைசன்ஸோடு கியர் மோட்டார்ஹோமை ஓட்ட வேண்டுமானால் L ஒட்டி, 21 வயது தாண்டிய, மூன்று வருடமாவது லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்றே கொள்வார்கள்: 300 பவுண்டு அபராதம், லைசன்ஸில் ஆறு குற்றப் பாயின்ட், வண்டியையும் எடுத்துப் போகலாம். புதிதாகப் பாஸ் செய்தவருக்கு இரண்டு வருடத்துக்குள் ஆறு பாயின்ட் வந்தால் லைசன்ஸே போய்விடும்.

அதனால் வழி இரண்டுதான். கியர் வண்டி வேண்டுமென்றால் இன்றே பயிற்சியைக் கியர் காருக்கு மாற்றுங்கள். உங்களுக்குக் கை பழகியது, இங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம், இடது கைதான் கியருக்கு. இங்கத்து ஓட்டும் முறைக்குச் சில கிளாஸ் போதும். கியரில் பாஸ் செய்தால் இரண்டு வகையும் ஓட்டலாம். ஆனால் மனைவி ஆட்டோமேட்டிக்கிலேயே தொடர்ந்தால் கியர் மோட்டார்ஹோமில் உங்களுக்கு மாற்று ஆள் இல்லை. ஃபோர்ட் வில்லியம் தாண்டிய நீண்ட நாளில் இரண்டாவது டிரைவர் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன். இருவரும் ஓட்ட வேண்டும் என்பது முடிவானால் ஆட்டோமேட்டிக் எடுங்கள், கம்ஃபர்ட்மேட்டிக் ஆனாலும் பரவாயில்லை. டெர்பி தம்பி சொன்னபடி மேட்டில் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்தினால் அது உழைக்கும். பின்னால் மனம் மாறினால் ஆட்டோமேட்டிக்கிலிருந்து கியருக்கு மாறத் தியரி மறுபடி தேவையில்லை, ஓட்டும் டெஸ்ட் மட்டும்தான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை சொன்ன 7.5 டன் 1997 ஜனவரி 1க்கு முன் பாஸ் செய்தவர்களுக்கு. உங்களுக்கு 3.5 டன்தான். ஊர் லைசன்ஸில் எல்எம்வி (இலகு ரக வண்டி) என்றால் 7,500 கிலோ என்று யாராவது சொன்னாலும் இங்கே செல்லாது. வண்டியின் தகட்டில் முதல் வரியில் இருப்பது மொத்த எடை வரம்பு, அது 3,500 கிலோவா என்று பாருங்கள். நான்கு பேர், நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, கேஸ், அம்மாவின் பாத்திரம் எல்லாம் அந்த வரம்புக்குள்தான்.

மலைக்கு இரண்டுமே போகும். இறக்கத்தில் கம்ஃபர்ட்மேட்டிக்கிலும் லீவரைத் தட்டிக் கீழ் கியரில் பிடிக்கலாம், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். குன்னூர் இறக்கத்தில் ஓட்டியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பெலக் நா பா மலைப்பாதைப் பக்கம் இந்த வண்டியோடு போகாதீர்கள். 626 மீட்டர் உயரம், ஒரு வண்டி போகும் அகலம்தான், கொண்டை ஊசி வளைவு. பெரிய வண்டிகளும் பழகுநர்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது.

கடைசியாக, கியர் பாக்ஸைவிட முக்கியமான ஒன்று. பயண சீட்டில் எத்தனை பெல்ட் என்று எண்ணினீர்களா? நான்கு பேர் படுக்கலாம் என்பதற்கு நான்கு பேர் பயணிக்கலாம் என்று பொருள் இல்லை. பெல்ட் இல்லாத பக்கவாட்டு சோபாவில் பெரியவர்களை உட்கார வைத்து ஓட்ட வேண்டாம்.

டெர்பி_ஒர்க்‌ஷாப்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஈரம் இறங்கியிருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்த்த ரிப்போர்ட் கேளுங்க. கூரை ஓரம், ஜன்னல் கீழ் மூலை ரெண்டையும் விரலால அழுத்திப் பாருங்க, மெத்துன்னு உள்ள போச்சுன்னா உள்ள மரம் அழுகியிருக்கு. அந்தச் செலவுக்கு முன்னாடி கிளட்ச் ஒண்ணுமே இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் ஆறி இருக்கட்டும். மேட்டுல நிறுத்தி ரிவர்ஸ் எடுங்க. அதிர்ந்தாலோ கருகின வாசனை வந்தாலோ விட்டுடுங்க.

புதுவரவு_லீட்ஸ்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பதான் டீலர்கிட்ட போன் பேசினேன். ரெண்டு வண்டியும் 3,500 கிலோ. ஆட்டோமேட்டிக்ல P இல்லை, பெல்ட் நாலு இருக்கு. கியர் வண்டில முன்னாடி ரெண்டு பெல்ட் மட்டும்தான். ஆனா விளம்பரத்துல நாலு பேர் பயணம்னு போட்டிருக்காங்க. இன்ஷூரன்ஸ் ரெண்டு இடத்துல கேட்டேன், ஒருத்தர் இந்திய லைசன்ஸ்னதும் முடியாதுன்னுட்டார். இன்னொருத்தர் நாளைக்குச் சொல்றேங்கிறார். அவர் சொல்ற வரைக்கும் என்ன பண்றது?

வேல்ஸ்_வண்டிக்காரர்:
இன்ஷூரன்ஸ் பதில் கைக்கு வரும்வரை ஒரு பவுண்டும் கட்டாதீர்கள். அந்த விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்றிரவே டீலருக்கு ஈமெயில் அனுப்புங்கள்: ஆட்டோமேட்டிக் வண்டியை எடுக்க விருப்பம், இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் ஈரம் பார்த்த ரிப்போர்ட்டும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 பவுண்டைத் திருப்பித் தர வேண்டும் என்று. போனில் பேசியது பேச்சோடு போய்விடும். அட்வான்ஸ் கிரெடிட் கார்டில் கட்டினீர்களா, டெபிட்டா? கிரெடிட் என்றால் 30,000 பவுண்டுக்கு உட்பட்ட பொருளுக்கு பேங்கிடமும் கேட்க உரிமை உண்டு.

புதுவரவு_லீட்ஸ்:
கிரெடிட் கார்டுதான். ஈமெயில் எழுதறேன், அனுப்பறதுக்கு முன்னாடி இங்க போடறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.